உப்பக்கா வைத்த பாக்கி

கர்நாடக மலைநாட்டு ஊரான நீர்க்கோட்டுக்கு வந்த முதல் வாரமே நேத்ராவதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

படகுத்துறையில் திம்மண்ணாவின் கடை ஒன்றுதான் கடை. அணையின் பின்நீரைத் தாண்டி அக்கரைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் படகுக்காக அங்கேதான் குந்தியிருப்பார்கள். புதிதாக நிலம் வாங்கி வந்திருக்கும் பெங்களூர்க்காரியை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு மூட்டை கல்லுப்பை மட்டும் கேட்டு வாங்கினாள்.

"வேற என்ன வேணும்மா? அரிசி, பருப்பு?" என்றார் திம்மண்ணா.

"வேற ஒண்ணும் வேண்டாண்ணா. இனிமே எங்க வீட்டுக்கு வெளியில இருந்து வரப்போறது உப்பு மட்டுந்தான். மத்ததெல்லாம் எங்க மண்ணுலயே விளைஞ்சுக்கும்."

"தீப்பெட்டி?"

"சரி... தீப்பெட்டியும்."

"கத்தி அரிவாள்கூட உங்க மண்ணுலயே காய்க்குமா?"

கடையே சிரித்தது. நேத்ராவதியும் சிரித்துத் தொலைத்தாள். கோபப்பட்டிருந்தாலும் பெயர் ஒட்டியிருக்கும். சிரித்ததில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. உப்பு மூட்டையோடு அவளும் அவள் கணவன் சேகரப்பாவும் மேடேறி வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் பெயர் நீர்க்கோடு முழுக்க உப்பக்கா ஆகிவிட்டது.

அவள் சொன்னது வீம்புக்கு இல்லை. ஹரிஹரத்தில் மாமா வீட்டில் வளர்ந்தவள் அவள். தாய் போனபின் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அத்தை அடித்ததில்லை, திட்டியதில்லை. சோறு போடும்போது மட்டும் கரண்டியைத் தட்டுக்கு மேலே ஒரு நொடி நிறுத்துவாள். நிறுத்திவிட்டுப் பிறகு போடுவாள். அவ்வளவுதான். அந்த ஒரு நொடி நேத்ராவதியின் தொண்டையில் எலும்பாகச் சிக்கி, பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷினை மிதித்த வருஷங்களிலும் இறங்கவே இல்லை. வேலைக்குப் போன நாளிலிருந்து மாமா வீட்டுக்கு வருஷா வருஷம் அரிசி மூட்டை அனுப்பினாள். சாப்பிட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று அவளுக்கே தோன்றியபின்தான் நிறுத்தினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்த மண்ணில் விளைந்த சோறு. யார் கரண்டியும் மேலே நிற்காத சோறு. காட்டோரம் கிடந்த இந்த இரண்டு துண்டு நிலத்தைச் சேமிப்பையெல்லாம் துடைத்து வாங்கியதும் அதற்குத்தான். சேகரப்பா ஆட்டோ ஓட்டியவன்; மண்ணைக் கண்டவனில்லை. அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"ஒரு வருஷம், நேத்ரா. இந்த வருஷச் சாப்பாட்டு நெல்லு நம்ம வயல்ல வந்துட்டா நான் இங்கயே மண்ணோட மண்ணா கிடக்கிறேன். வரலேன்னா ஒரு வார்த்தை பேசாம நீ என்கூடப் பஸ் ஏறணும்."

"ஏறுறேங்க. ஆனா அந்தப் பஸ்ஸு வராது" என்றாள் அவள்.

ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மலைச்சரிவில் கசிந்த ஊற்றைக் குழாய் வைத்து அடுப்படிவரை கொண்டுவந்தார்கள். ஒரு மலைநாட்டுக் குட்டைப் பசு வந்தது. சாணத்துக்குக் குழி வெட்டி அடுப்புக்கு எரிவாயுவும் வந்தது. கொல்லையில் கீரையும் வெள்ளரியும் போட்டாள். வயல்தான் பயமுறுத்தியது. பல வருஷம் தரிசாகக் கிடந்து வரப்பெல்லாம் கரைந்து, வாய்க்கால் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் புதர் மண்டிக் கிடந்தது. இரண்டு பேர் வெட்டினால் மழைக்குள் முடியாது என்று தெரிந்தும், யாரையும் கேட்கமாட்டேன் என்று அவள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால் வயலில் ஆட்கள். பக்கத்து நிலத்துப் பங்காரக்கா, அவள் கணவன் ஹுச்சப்பா, இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள். யாரும் கூப்பிடவில்லை. வந்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டினார்கள், புடவையைச் செருகினார்கள், புதரை அடித்து நொறுக்கினார்கள்.

பங்காரக்காவுக்கு நேத்ராவதியின் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் நாலு பேருக்கு இருக்கிற வாய். மனசுக்குப் பிடித்தவளை 'மாராய்தி' என்றுதான் கூப்பிடுவாள். "மாராய்தி, மண்வெட்டியை ஊசி மாதிரி பிடிக்கிறியே, வரப்புக்கு என்ன பொத்தானா தைக்கப்போற?" என்று மதியம்வரை அவளை ஓட்டினாள். கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் நேத்ராவதி கொண்டுவந்து வைத்தாள். தின்றார்கள், வெற்றிலை போட்டார்கள், மறுபடி இறங்கினார்கள். வாய்க்கால் கண் திறக்கும்வரை இப்படியே வந்தார்கள்.

கடைசி நாள் அவள் தயங்கித் தயங்கிக் கூலியைப் பற்றிக் கேட்டாள். பங்காரக்கா மண் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"முய்யாளுக்கு ஏது மாராய்தி கூலி? இன்னைக்கு நாங்க உனக்கு, நாளைக்கு நீ எங்களுக்கு. எங்க வேலை வரும்போது வந்து நில்லு, போதும்."

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எழுதுகிறோமே மொய், அதன் உடன்பிறப்புதான் இந்த முய்யி. பணத்துக்குப் பதில் ஆளையே மொய் வைப்பது முய்யாள். நீர்க்கோட்டில் வரப்பு போடுவதும் நாற்று நடுவதும் பாக்குக் கொல்லைக்குத் தழை சுமப்பதும் இந்த ஒரு சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிஹரத்துத் தெருவிலும் பெங்களூர்த் தொழிற்சாலையிலும் வளர்ந்த நேத்ராவதி அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டாள். கேட்டதும் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: கடன். இத்தனை வீட்டுக்கு இத்தனை நாள் கடன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

அப்புறம் அவள் நிம்மதியாக இருந்தாளா? இல்லை. வீடு வீடாகப் போய் வேலை கேட்டாள். "இப்ப ஒண்ணும் இல்லம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றவர்களையும் விடவில்லை. சேகரப்பாவை இழுத்துக்கொண்டு போய் ஒருவர் வீட்டில் விறகு பிளந்தாள், ஒருவர் கொல்லையில் தழை பரப்பினாள். கடன்காரனைத் துரத்தும் ஈட்டிக்காரனைப் பார்த்திருக்கிறோம். கடன் கொடுத்தவரைத் துரத்துகிற கடன்காரியை நீர்க்கோடு அப்போதுதான் பார்த்தது. அவள் திருப்பாத நாள் என்று கடைசியில் மிஞ்சியது பங்காரக்காவுக்குத் தரவேண்டிய ஒரு நாள்தான்.

"அது கிடக்கட்டும் விடு, நேத்ரா. நடவு வரும்ல" என்றாள் பங்காரக்கா.

"வேண்டாம்க்கா. மனசுல கிடந்து அறுக்குது."

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நேத்ராவதி தானாகவே போய் பங்காரக்காவின் தொழுவத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். பொழுது சாயும்வரை சாணம் அள்ளி, புதுத் தழை பரப்பி, கழுநீர்த் தொட்டியைத் தேய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முய்யி தீர்த்துட்டேன் பங்காரக்கா. இனி உனக்கும் எனக்கும் ஒரு பாக்கியும் இல்ல."

எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பங்காரக்காவின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது. "சரிம்மா" என்றுவிட்டு உள்ளே போனாள். மாராய்தி என்று சொல்லாததை நேத்ராவதி கவனிக்கவில்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதன்பின் ஊரே விநோதமாகிவிட்டது. ஒருநாள் திம்மண்ணா மேடேறி வந்து பசுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல பசு. வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதம்மா, நானே வெச்சுக்கறேன்" என்றார். விற்கிற பசு இல்லை என்று அவள் சொன்னதை அவர் பேரம் என்றே எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். பாதையில் எதிர்ப்பட்ட பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்க" என்றார்கள். என் உடம்புக்கு என்ன கேடு என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

நாற்றங்காலில் நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. உழுது பரம்படிப்பதுவரை சேகரப்பாவே ஒரு பழைய டில்லரோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டான். சுற்று வட்டார வயல்களிலெல்லாம் நடவு தொடங்கியது. பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்துக் கொங்காணி போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நகர்ந்தார்கள். பங்காரக்காவின் குரல் மழைக்கு மேல் கேட்டது. நேத்ராவதியின் வயலைத் தாண்டி அதற்கப்பாலிருந்த வயலுக்கு அவர்கள் நடந்து போனபோது அவள் வரப்பில்தான் நின்றிருந்தாள். ஒருத்தியும் இறங்கவில்லை.

"நாமளே நட்டுக்கலாம்" என்றாள் சேகரப்பாவிடம்.

நட்டார்கள். இடுப்பு ஒடிந்தது. கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்தது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பார்த்தால் ஒரு மூலை பச்சையாகியிருக்கும். மிச்சமெல்லாம் வெறும் சேறு. சேகரப்பா நட்ட நாற்றுகள் அடுத்த மழைக்கு மிதந்து வந்து வரப்போரம் ஒதுங்கின. நாற்றங்காலிலோ பயிர் முற்றிக்கொண்டே வந்தது. இன்னும் சில நாளில் கணு விட்டுவிடும். அதற்குமேல் நட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

ஒரு மதியம் வரப்பில் உட்கார்ந்து மிதந்த நாற்றுகளைப் பொறுக்கியபடி சேகரப்பா சொன்னான்: "பெங்களூர்ல ஸ்டாண்டுல என் இடத்த இன்னும் யாருக்கும் குடுக்கலையாம், நேத்ரா."

அவன் குத்திக்காட்டவில்லை. பாவம், அவனுக்கும் அழுகைதான் வந்தது. நேத்ராவதி எழுந்து போய் நாற்றங்காலில் குனிந்து வெறுமனே நாற்றைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹுச்சப்பா மேல்பாதையில் போனவர் இறங்கி வந்தார். வயலோரத்துப் பசுக் கொட்டகையின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நேத்ரக்கா, இந்தத் தகரமெல்லாம் லாரில ஏத்தினா வளைஞ்சு போயிடும். எனக்கே குடுத்துட்டுப் போங்களேன். எங்க தொழுவம் ஒழுகுது."

"எங்க போறோம் நாங்க?"

"ஊருக்குத்தான். லாரி என்னைக்கு வருது?"

"யாருண்ணா சொன்னது நாங்க போறோம்னு?" அவள் குரல் உயர்ந்துவிட்டது.

ஹுச்சப்பா விழித்தார். "யாரு சொல்லணும்? நீங்கதானே வீடு வீடாப் போய் முய்யி தீர்த்தீங்க? ஊரை விட்டுப் போறவங்கதான் இப்படி ஒரு நாள்கூட விடாம தீர்ப்பாங்க. இல்லேன்னா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சண்டை போட்டவங்க தீர்ப்பாங்க. இருக்கப்போறவங்க யாராவது உறைக்கு ஒரு கரண்டி மோர்கூட வைக்காம சட்டியை வழிச்சுக் கழுவுவாங்களா?" என்றவர் தாடையைச் சொறிந்தார். "நீங்க யார்கூடவும் சண்டை போடலையே. அதான் லாரின்னு நினைச்சோம். பங்காரி மட்டும் சண்டைன்னுதான் சொல்றா."

நேத்ராவதிக்குக் காதில் மழைச் சத்தம்கூட விழவில்லை. சேற்றுக் காலோடு பங்காரக்கா வீட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்கக் கோபமும் ஏறியது. கடனைத் திருப்பிக் கொடுத்தது ஒரு குற்றமா?

பங்காரக்கா அடுப்படியில் கடுபுக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் ஊரை விட்டுப் போறேன்னு யாருக்கா கதை கட்டிவிட்டது?"

"போகலையா? அப்ப என்கூடத்தான் சண்டை" என்றாள் பங்காரக்கா, மாவைப் பார்த்தபடியே. "நான் என்ன தப்பு பண்ணேன்? கிடக்கட்டும் விடுன்னு வாயைத் திறந்து சொன்னேன். நீ கேக்காம வந்து என் தொழுவத்தக் கழுவி, என் வாசல்லயே நின்னு, உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போற. செத்த வீட்ல தலை முழுகின மாதிரி இருந்துச்சு எனக்கு. அன்னைக்குச் சாப்பிடல நான், தெரியுமா?"

"கடன் இருந்தா எனக்குச் சோறு இறங்காதுக்கா!" நேத்ராவதி கத்தியேவிட்டாள். மாமா வீட்டையும் அத்தை கரண்டியையும் அனுப்பிய அரிசி மூட்டைகளையும் யாரிடமும் சொல்லாதவள், அன்று அந்த அடுப்படி நிலைப்படியில் நின்று மூச்சு விடாமல் கொட்டினாள். "அத்தனையும் திருப்பிக் குடுத்தேன். ஒரு படி பாக்கி வெக்கல. அப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

பங்காரக்கா மாவுக் கையை எடுத்துவிட்டு முதல்முறையாக அவளைப் பார்த்தாள்.

"அப்புறம் அந்த வீட்டுக்குப் போனியா?"

நேத்ராவதி வாயைத் திறந்தாள். மாமா பெண்ணின் கல்யாணத்துக்கு வெறும் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. மாமா செத்த செய்தி காரியம் முடிந்தபின் வந்தது. அத்தை இருக்கிறாளா என்பதே தெரியாது.

"இல்ல" என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நடவுக்கு வாங்கக்கா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வரக்கூடிய யாரும் அவளுக்குக் கடன்பட்டிருக்கவில்லை, அவளும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. எதைப் பிடித்துக் கேட்பது? திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தவள், வேறெதையோ சொன்னாள்.

"பங்காரக்கா, ஒரு பிடி உப்பு குடு."

"என்னது?"

"உப்பு."

"உப்பக்கா வீட்ல உப்பு தீர்ந்து போச்சா?"

"மூட்டை நிறைய இருக்கு."

"அப்புறம் எதுக்கு மாராய்தி?"

"கடன் வேணும்" என்றாள் நேத்ராவதி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "திருப்பித் தரமாட்டேன்."

பங்காரக்கா சிரித்தாள் பாருங்கள், கூரையிலிருந்த பல்லி விழுந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு, உப்பு மரவையிலிருந்து ஒரு பிடி அள்ளி, பாக்குப் பாளைத் துண்டில் வைத்து மடித்துக் கட்டினாள். அள்ளிய கை எங்கேயும் நிற்கவில்லை. அதை நேத்ராவதி பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

"போ, நாத்தைப் பறிச்சுக் கட்டுக் கட்டா முடிஞ்சு வை. விடிஞ்சதும் வர்றோம். என் வீட்டுக்காரன்கிட்ட தகரம் கிடையாதுன்னு நானே சொல்லிக்கறேன்."

மறுநாள் வயல் நிறையக் கொங்காணிகள். கேலியும் பாட்டும் அட்டையை வைகிற வசவுமாகச் சேற்றைக் கலக்கினார்கள். சேகரப்பா நட்டு வைத்திருந்த மூலையைப் பார்த்துவிட்டு, "இது யாரு, ஆட்டோவுல உக்காந்துகிட்டே நட்டதா?" என்று பங்காரக்கா கேட்க, அவனே விழுந்து விழுந்து சிரித்தான். நாற்று சற்று முற்றிப்போயிருந்ததால் குத்துக்குக் கூடுதலாக இரண்டு வைத்து நெருக்கி நட்டார்கள். வேலை முடிந்து எல்லோரும் கரையேறியபோது நேத்ராவதி திரும்பிப் பார்த்தாள். சேறு தெரியவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் வீடு வீடாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். இந்தத் தடவை யாரையும் துரத்தவில்லை, கூப்பிட்டபோது போனாள். பங்காரக்காவுக்கு மட்டும் ஒரு நாள் குறைவாகப் போனாள். "என்னைக்கு வர்ற?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "பாக்கலாம்க்கா, என்ன அவசரம்?" என்றாள். சொல்லப் பழகுவதற்கு அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கார்த்திகையில் அறுப்பு. முற்றிய நாற்றுக்கு விளைச்சல் கொஞ்சம் மட்டுதான். ஆனாலும் சாப்பாட்டுக்கு வருஷம் தாண்டும் என்று ஹுச்சப்பா குவியலைப் பார்த்தே சொல்லிவிட்டார். கதிர் சுமந்து வந்த பங்காரக்கா களத்தின் அந்தக் கோடியிலிருந்து, ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏ உப்பக்கா! எனக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு, ஞாபகம் வெச்சுக்க!"

இப்படி நாலு பேர் முன்னால் கடனைச் சொல்லிக் கத்துவதை ஹரிஹரத்தில் கேட்டிருந்தால் நேத்ராவதி கிணற்றைத் தேடியிருப்பாள். இன்றைக்கு அவளும் திருப்பிக் கத்தினாள்: "இருக்குக்கா! இருக்கட்டும்!"

புது நெல்லைக் குத்தி, சிவப்பரிசிச் சோறு வடித்த அன்று மதியம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். சொந்தச் சோறு. கொல்லைக் கீரையில் அரைத்த தம்புளிப் பச்சடி. குட்டைப் பசுவின் மோர். சேகரப்பாவின் தட்டில் அவள் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே போனாள். போதும் போதும் என்று அவன் கையை வைத்து மறைத்தான். பஸ்ஸைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மழை ஈரத்தில் கரையாமல் இருக்க வெந்நீர் விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பாளைப் பொட்டலத்தை அவள் இறக்கிப் பிரித்தாள். புகையேறிப் பழுப்பாகியிருந்தது.

"மூலையில மூட்டை இருக்கும்போது இது எதுக்கு?" என்றான் சேகரப்பா.

"இது பங்காரக்கா உப்பு."

"அது எப்பவோ வாங்கினதாச்சே. இன்னுமா திருப்பித் தரல?"

நேத்ராவதி அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவன் சோற்றிலும் தன் சோற்றிலும் போட்டாள். பிசைந்து முதல் வாயை வைத்தாள். தடையில்லாமல் இறங்கியது.

"தரமாட்டேங்க. சாப்பிடுங்க" என்றாள்.